நீட்டிய கை

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் பங்குச் சாமியார் ஒரு பஸ் பிடித்துக் கொடுக்க, மரக்காணத்தை ஒட்டிய குப்பத்துப் பெண்கள் பாண்டிச்சேரியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். அன்னமேரி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். சுனாமி வந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் அவள் உப்பளம், வீடு, கோயில் தவிர வேறெங்கும் போனதில்லை. அடுத்த வீட்டு ஆரோக்கியசெல்விதான் விடவில்லை.

"ஊரே போவுது, நீ மட்டும் சுவத்தப் பாத்துக்கினு உக்காந்திருப்பியா? கெளம்புடி" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

முதலில் ரயிலடிப் பக்கத்துப் பெரிய கோயிலுக்குப் போனார்கள். சிவப்பும் வெள்ளையுமாக வானத்தைக் குத்திக்கொண்டு நின்ற கோபுரங்களைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பிளந்தார்கள். உள்ளே ஜன்னல் கண்ணாடிகளின் வழியே நீலமும் பச்சையுமாக வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. அன்னமேரி அந்த நீலத்தில் காலை வைத்தவள், என்னவோ போலிருக்க, சட்டென்று எடுத்துக்கொண்டாள். பிறகு மியூசியம். கல் சாமிகள், செப்புச் சிலைகள், வெள்ளைக்காரத் துரைகள் படுத்த கட்டில், அவர்கள் ஏறிப்போன வண்டி. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் மண்ணில் தோண்டியெடுத்த பானை ஒன்று, உடைந்த சில்லுகளையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து ஒட்டிய நிலையில் இருந்தது.

"பாரேன், யாரோ கஞ்சி காச்சின சட்டி. அதக்கூட ஒட்டி வெச்சிருக்காங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி.

அன்னமேரி அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். ஏனோ அவளுக்கு அன்றைக்கு மனசு இலேசாக இருந்தது. வந்தது நல்லதுதான் என்றுகூட நினைத்தாள்.

பகல் வெயில் ஏறியதும் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருக்களில் நடந்தார்கள். மஞ்சள் சுவர்களும் ஆள் உயரத்துக்கு மேல் போகும் ஜன்னல்களுமாக வீடுகள். ஒரு பங்களாவின் பெரிய கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசலில் போட்டோ கண்காட்சி, அனுமதி இலவசம் என்று எழுதியிருந்தார்கள். படத்தைப் பார்க்கிற ஆசையைவிட இப்படிப்பட்ட வீட்டுக்குள் எப்படியிருக்கும் என்று பார்க்கிற ஆசைதான் பெண்களுக்கு. உள்ளே போனதும் குளுகுளுவென்றிருந்தது. இரண்டு கை சேர்த்தாலும் அடங்காத தூண்கள், வழவழவென்ற வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், தலைக்கு மேலே கறுத்த மர உத்தரங்கள். நடுவில் திறந்த முற்றம். அந்த முற்றத்தில் மாடியிலிருந்து தரை வரை ஒரு பெரிய துணி தொங்கியது. துணியில் அச்சடித்த படம்.

படத்தில் அன்னமேரி இருந்தாள்.

தலைமுடி அவிழ்ந்து, ஜாக்கெட் தோளில் கிழிந்து, வாய் கோணி, மடியில் பெண் குழந்தையைப் போட்டுக்கொண்டு ரோட்டோரத்தில் மண்டியிட்டிருந்தாள். வலது கையை முன்னால் நீட்டியிருந்தாள். குழந்தையின் கண்கள் மூடியிருந்தன. முடியெல்லாம் மணல்.

பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். ஆரோக்கியசெல்வி படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "கடலிடம் கேட்கிறாள். இறந்த குழந்தையுடன் ஒரு தாய். படம், சித்தார்த்தன்."

பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்: "அந்தக் கையைப் பாரு. கடவுள்கிட்டயே நியாயம் கேக்குற மாதிரி இல்ல?"

அன்னமேரிக்கு அந்தக் கை எதைக் கேட்டது என்று தெரியும். அலை அடித்து ஓய்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இழுத்துப்போன கடல் திருப்பிப் போட்ட மகள் ஜெனிஷாவை வாரி எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடிவந்தாள். வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றியதும் குழந்தை இருமியது. மூச்சு வந்தது. ரோட்டில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. கார் பக்கத்தில் ஊதாச் சட்டை போட்ட ஒருவன். "சார், வண்டி குடுங்க சார், உசிரு இருக்குது சார்" என்று தொண்டை கிழியக் கத்திக் கையை நீட்டினாள். அவன் முகத்துக்கு முன்னால் எதையோ தூக்கிப் பிடித்தான். அப்புறம் காரில் ஏறிப் போய்விட்டான். உப்பு லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று நர்ஸம்மா கேட்டாள்.

அந்த ஊதாச் சட்டையின் முகம் அவளுக்கு ஞாபகமில்லை. இப்போது பெயர் கிடைத்துவிட்டது.

"அடியே, இது நீதான்டி" என்று ஆரோக்கியசெல்வி அழ ஆரம்பித்தாள்.

"சத்தம் போடாத" என்றாள் அன்னமேரி. இன்னும் நெருங்கிப் போய்ப் படத்தைப் பார்த்தாள். வீட்டிலிருந்த ஒரே ஒரு பள்ளிக்கூட போட்டோவையும் கடல் கொண்டுபோயிருந்தது. மகளின் மூக்கு எப்படி இருக்கும் என்பதே கொஞ்ச நாளாக மறந்துகொண்டு வந்தது. இங்கே அந்த மூக்கு இருந்தது. நெற்றியில் விழுந்த வெட்டுத் தழும்பும் இருந்தது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராமல் அவள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனாள்.

"இந்தப் படம் புடிச்சவரு இங்க வருவாராம்மா?"

"வர்ற சண்டே ஈவினிங் வர்றாருங்க. இந்தப் படத்துக்கு அவார்டு குடுக்குறாங்க. நீங்களும் வரலாம், யார் வேணா வரலாம்."

"வர்றேன்" என்றாள் அன்னமேரி.

அதன் பிறகு பெரிய மார்க்கெட்டுக்குப் போனார்கள். பூக்கடை, மசாலாக் கடை, வரிசையாக உட்கார்ந்து ஏலம் கூவும் மீன்காரிகள் என்று ஒரே இரைச்சல். மற்றவர்கள் வளையலும் ரிப்பனும் வாங்கினார்கள். அன்னமேரி இரும்புக் கடையில் மீன் அரியும் கத்தி ஒன்று வாங்கினாள். கட்டைவிரலை வைத்து விளிம்பைப் பார்த்துவிட்டு, "இதவிடக் கூரா இருக்குதா?" என்று கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க உப்பளத்தில் அவள் வேலை செய்த வேகத்தைப் பார்த்து மேஸ்திரியே மிரண்டான். பாத்தியில் பலகையைப் போட்டு உப்பை இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் மனசுக்குள் அந்த ஊதாச் சட்டைக்காரனை ஒரு தடவை கொன்றாள். ஒருமுறை கழுத்தில். ஒருமுறை வயிற்றில். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளையாக எரியும் அந்த வெட்டவெளியில் அவன் முகம் எப்படியிருக்கும் என்று விதவிதமாகக் கற்பனை செய்து பார்ப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. மகள் போன நாளிலிருந்து ராத்திரியில் வராத தூக்கம் அந்த வாரம் வந்தது.

புருஷன் அமிர்தசாமிக்கு விஷயம் தெரிந்ததும், "விட்டுடு அன்னம்" என்றான். அலை வந்தபோது அவன் நடுக்கடலில் இருந்தவன். அங்கே படகை ஒரு தூக்குத் தூக்கி இறக்கியதோடு சரி. கரைக்கு வந்தபோது வீடும் இல்லை, மகளும் இல்லை. "அவனும் பயந்துதான் ஓடியிருப்பான். எல்லாரும்தான் ஓடனாங்க."

"பயந்தவன் ஓடணும். நின்னு படம் புடிச்சிட்டு ஓடறவன் பேரு என்னா?"

அவன் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

சனிக்கிழமை அவள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். இன்னும் செய்யாத பாவத்தைச் சொன்னாள். சாமியார், "மன்னிச்சிடும்மா. தன் மகனைக் கொன்னவங்களையே ஆண்டவர் மன்னிச்சாரு" என்றார்.

"அவரு மகன் மூணாம் நாள் எழுந்து வந்துட்டாரு ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, ஆசீர்வாதம் வாங்காமலே எழுந்து வந்தாள்.

ஞாயிறு சாயங்காலம் ஆரோக்கியசெல்வியும், உப்பளத்தில் கூட வேலை செய்கிற அம்சவள்ளியும் துணைக்கு வந்தார்கள். அன்னமேரியின் கூடையில் கத்தி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. முற்றத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பட்டுப் புடவைகளும் கதர்ச் சட்டைகளும் நாலைந்து வெள்ளைக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேரும் பின்னால் ஒரு தூணோரம் நின்றார்கள். தொங்கும் படத்துக்கு முன்னால் மைக் இருந்தது. சால்வையும் கேடயமும் கொடுத்து முடித்ததும் சித்தார்த்தன் பேச வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அன்னமேரி கற்பனை செய்திருந்த எந்த முகமும் அது இல்லை. சாதுவான, படித்த முகம்.

"அந்தத் தாய் யார்னு எனக்குத் தெரியாது" என்றான் அவன். "ஆனா அந்தக் கை இன்னைக்கும் என்னைத் தூங்க விடல. கடலைப் பார்த்து, நீ ஏன் இப்படிச் செஞ்சேன்னு அந்தக் கை கேட்டுச்சு."

"கடல் என் முதுகுப் பக்கம் இருந்துச்சு சார்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னமேரி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கவில்லை. படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தவர்களிடமிருந்து ஒரு முனகல் எழுந்தது. சித்தார்த்தன் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"அம்மா, உட்காருங்க, நாம அப்புறம் பேசலாம்..."

"இப்பவே பேசலாம். அன்னிக்கு உன்கிட்ட வண்டி இருந்துச்சா, இல்லியா?"

அவன் விழித்தான்.

"இருந்துச்சா?"

"இருந்தது."

"என்னா கலரு?"

"வெள்ளை."

"வண்டியில எத்தினி பேர் இருந்தீங்க?"

அவன் குரல் மைக்கில் கூடச் சரியாகக் கேட்கவில்லை. "நான் மட்டும்தான்."

"நான் என்னா கேட்டேன் உன்ன? இவங்களுக்குச் சொல்லு."

"அடுத்த அலை வருதுன்னு கத்துனாங்க. நான் பயந்துட்டேன். குழந்தை ஏற்கெனவே இறந்துடுச்சுன்னு..."

"இங்க பாருங்க எல்லாரும்." அன்னமேரி படத்தில் மகளின் இடது கையைத் தொட்டுக் காட்டினாள். அந்தச் சின்ன விரல்கள் தாயின் முந்தானை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. இத்தனை நாள் இத்தனை பேர் பார்த்த படம். "செத்த கை இப்படிப் பிடிக்குமா? என் பொண்ணு இதுல உசிரோட இருக்குது. நான் எந்தக் கடல்கிட்டயும் நியாயம் கேக்கல. இவன்கிட்ட வண்டி கேட்டேன்."

முன்வரிசையில் ஒரு பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேடயம் கொடுத்தவர் தரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அன்னமேரி கூடைக்குள் கையை விட்டுக் கத்தியை எடுத்தாள். நாற்காலிகள் சரிந்தன. "அன்னம், வேணாம்டி!" என்று ஆரோக்கியசெல்வி அலறினாள். சித்தார்த்தன் பின்னாலேயே போய்த் தூணில் முட்டிக்கொண்டான். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, "அம்மா, ப்ளீஸ், ப்ளீஸ்" என்றான். அவன் கன்னம் துடித்தது. நெற்றி வியர்த்துக் கண்ணில் வழிந்தது. வாரம் முழுக்க உப்புப் பாத்தியில் அவள் பார்க்க ஆசைப்பட்டது இதைத்தான். அவசரப்படாமல் நின்று கண் நிறையப் பார்த்தாள். யாராவது வந்து காப்பாற்ற மாட்டார்களா என்று அவன் கூட்டத்தைப் பார்ப்பதையும், ஒருவர்கூட அவன் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்காததையும் பார்த்தாள். அதைப் பார்த்த பிறகு அவனைக் குத்துவது தேவையாகப் படவில்லை. குத்தினால் சீக்கிரம் முடிந்துவிடும்.

அவள் திரும்பிப் படத்தில் கத்தியை வைத்தாள். தலைக்கு மேலிருந்து ஆரம்பித்து, தோள், முழங்கால் என்று மகளைச் சுற்றிப் பொறுமையாக அரிந்தாள். விரல்கள் இருந்த இடத்துக்கு வந்ததும், அவை பிடித்திருந்த முந்தானைத் துண்டையும் சேர்த்தே அறுத்தாள். துணியை மடித்துக் கூடையில் வைத்தாள். மடி இருந்த இடத்தில் ஓட்டையோடு பெரிய படம் ஆடிக்கொண்டு நின்றது.

போலீஸ் வந்தது. ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சித்தார்த்தன் புகார் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அதுதான் அன்னமேரிக்கு ஆத்திரம்.

"கேஸ் போடச் சொல்லுங்க மேடம். கோர்ட்ல வெச்சும் இதையே கேக்கறேன்."

"வீட்டுக்குப் போம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

கேஸ் இல்லாவிட்டாலும் விஷயம் நிற்கவில்லை. வந்திருந்தவர்களில் யாரோ பத்திரிகையில் எழுதினார்கள். கண்காட்சியை மூடினார்கள், விருதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஆரோக்கியசெல்வி பேப்பரைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். "இன்னொரு தபா படி" என்றாள் அன்னமேரி. வீட்டில் வெட்டியெடுத்த படத்தை ஒரு பலகையில் ஆணியடித்து மாட்டியிருந்தாள். அமிர்தசாமி முதல் நாள் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இரண்டாம் நாள் அதன் கீழே போய்ப் படுத்துக்கொண்டு, சுனாமிக்குப் பிறகு முதன்முறையாகச் சத்தம் போட்டு அழுதான்.

ஆனி மாத வெயிலில் ஒரு நாள் உப்பளத்து வரப்பில் சித்தார்த்தன் வந்து நின்றான். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். கையில் ஒரு கவர். அன்றைக்கு எடுத்த நெகட்டிவ்கள் எல்லாம் அதில் இருப்பதாகவும், இனி தன்னிடம் ஒன்றுமில்லை என்றும் சொன்னான். அவள் வாங்கிக்கொண்டாள். அவன் போகாமல் நின்றான்.

"கேமராவைத் தொடவே முடியலம்மா. படுத்தா தூக்கம் வரல."

"வரக் கூடாது" என்றாள்.

"நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் செய்றேன்."

அன்னமேரி பலகையை ஊன்றி நிமிர்ந்தாள். "ஒண்ணும் செய்யாத. அன்னிக்கு செஞ்ச மாரியே."

அவன் அந்த வெள்ளை வெளியில், நிழலுக்கு ஒரு மரம் இல்லாமல், கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உப்பை இழுத்தாள். அடுத்த பாத்தியில் இருந்த அம்சவள்ளி, அவன் ரோட்டுக்குப் போய்ச் சேரும் வரை பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"பாவமா இருக்குதுக்கா. ஒரு வாய்த் தண்ணியாவது குடுத்திருக்கலாம் இல்ல?"

"நீ வேணா ஓடிப் போய்க் குடு" என்றாள் அன்னமேரி. "நான் குடுக்க மாட்டேன்."

அம்சவள்ளி போகவில்லை. இருவரும் பொழுது சாய்கிற வரைக்கும் உப்பைக் குவித்தார்கள்.