பூட்டுத் தொழிலாளர் சங்கத்தின் ஐந்து மணிக் கதவு

பூட்டுத் தொழிலாளர் சங்கத்தில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேருக்கும் சேர்த்து முப்பத்தொரு பல். அதில் பாதி பொருளாளருடையது. தலைவர் தும்மினால் பக்கத்துத் தெருவில் மூன்று பூட்டாவது தானாகத் திறந்துகொள்ளும். அவருக்கு ஜலதோஷம் என்றால் அந்தத் தெருக்காரர்கள் வெளியூர் போவதில்லை.

முப்பது வயதுக்குக் கீழே ஒருவராவது இன்றைக்குள் சேராவிட்டால் சங்கத்தைத் தச்சர் சங்கத்தோடு இணைத்துவிடுவோம் என்று பதிவு அலுவலகம் எழுதியிருந்தது.

"கதவு செய்யறவன்கிட்ட பூட்டு போய்க் கைகட்டி நிக்கணுமா?" என்று தலைவர் குதித்தார்.

செயலாளருக்கு வேறு குடைச்சல். ஊரில் இளவட்டப் பூட்டுக்காரர்கள் பதினோரு பேர். மூன்று வருஷமாக மாதாமாதம் கூட்டத்துக்கு அழைப்பு போகிறது. ஒருத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏன்? இன்றைய கூட்டத்துக்காவது தெருவில் யாராவது தென்படுகிறார்களா என்று பார்க்க வெளியே வந்தார்.

சரியாக ஐந்துக்கு முதுகுக்குப் பின்னால் 'டக்' என்றது. அது தலைவர் செய்த பூட்டு. ஐந்தடித்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும். சாவித் துவாரம் உள்பக்கம் மட்டும். முழங்கை நீளச் சாவியோ செயலாளரின் இடுப்பில்.

தட்டினார்.

"யாரா இருந்தாலும் அடுத்த மாசம் வா!" என்றார் உள்ளேயிருந்து பொருளாளர்.

"நான்தான்யா, செயலாளர்!"

"செயலாளர் எப்பவும் உள்ளதான் இருப்பாரு. யாருகிட்டக் கதை விடற?"

ஐந்தரைக்கு அவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தபோது, எதிர்த் தேநீர்க்கடை பெஞ்சில் அந்தப் பதினோரு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் கார் சாவி செய்யும் பெண் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

"உக்காருங்க ஐயா. எங்களுக்கும் மாசா மாசம் இதே பதில்தான். கடை சாத்திட்டு வர அஞ்சரை ஆயிடுது."

"மூணு வருஷமா வர்றீங்களா?"

"அழைப்பு அனுப்பினீங்களே!"

"பூட்டுக்காரங்கதானே, திறந்துட்டு வர்றது?"

"அந்தப் பூட்டா? ஒரு நிமிஷ வேலை. கூப்பிடாம அடுத்தவங்க பூட்டுல கை வைக்கக் கூடாதுன்னு உங்க சங்கத்து விதிதானே சொல்லுது?"

விதியை எழுதியவர் செயலாளர்தான். அவர் பேச்சை மாற்றினார். விரல் வைத்தால் திறக்கும் பூட்டு, விரல் ஈரமாக இருந்தால் என்ன செய்யும்? ரெட்டைப் பிள்ளைகளை அடையாளம் காணுமா? பதினோரு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். அதற்குள் செயலாளர் மூன்று தேநீர் குடித்துவிட்டார்.

ஏழு மணிக்குக் கதவிடுக்கில் ஒரு காகிதம் வந்து விழுந்தது. தலைவரின் கையெழுத்து: 'வெளியில் உள்ள ஐயா, அம்மா யாராயினும் தயவுசெய்து திறக்கவும். கழிப்பறை வெளியே இருக்கிறது.'

"பூட்டுக்குச் சொந்தக்காரரே கூப்பிட்டுட்டாரு" என்று அவள் எழுந்தாள்.

"இரும்மா, வயசு?"

"இருபத்தாறு."

செயலாளர் சட்டைப் பையிலிருந்து உறுப்பினர் படிவத்தை உருவினார். அவள் 'கூட்டம் மாலை ஐந்தே முக்கால்' என்று மேலே எழுதிவிட்டுத்தான் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு கதவோடு ஒட்டி நின்றாள். முதுகு மறைத்தது, ஒன்றும் தெரியவில்லை. 'டக்'.

ஐந்து பேர் பாய்ந்து ஓடினார்கள். தலைவர் மட்டும் ஓடவில்லை. வெளியே வந்து, துவாரமே இல்லாத கதவின் வெளிப்பக்கத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எப்படிம்மா?"

"அடுத்த மாசம் வாங்க ஐயா, சொல்றேன்."

அடுத்த மாதம் தலைவர் மதியம் இரண்டு மணிக்கே வந்து தேநீர்க்கடை பெஞ்சில் முதல் இடத்தைப் பிடித்துவிட்டார்.