இரவல் மூத்திரம்

இரும்பாலை உலையடியில் பதினாறு வருஷம் நின்றவனுக்கு வேர்வைதான் மூத்திரம். குடித்த தண்ணீரெல்லாம் தோல் வழியாகவே போய்விடும். சட்டை முதுகில் உப்பு திட்டுத் திட்டாகப் படியும். ஒரு ஷிப்டுக்கு ஒரே தடவை உலைக் கசடு கொட்டும் மேட்டுக்குப் பின்னால் போய் நிற்பான். அதுவும் கடுந்தேநீர் நிறத்தில் நாலு சொட்டு. ஆறு மாதமாக அந்த நாலு சொட்டும் சோப்புத் தண்ணீராக நுரைக்கிறது. கால் வீங்கிச் செருப்பு வார் சதையில் பதிகிறது. ஆலைக்குத் தெரியாமல் வெளியே போய்க் காட்டிய டாக்டர், கிட்னி பாதி போய்விட்டது, உலையை விட்டுவிடு என்றார். விட்டுவிட்டு எதைத் தின்பது என்று அவர் சொல்லவில்லை.

ஆலையில் வருஷத்துக்கு ஒரு முறை மூத்திர சோதனை. கோளாறு தெரிந்தால் வேலை போச்சு. அதனால் கெட்டவன் நல்லவனிடம் இரவல் வாங்கி வருவது அங்கே நடப்பதுதான். நர்ஸ் டப்பாவைத் தொட்டுப் பார்ப்பாள், ஆறியிருந்தால் பிடித்துவிடுவாள். ஆகவே சின்ன மருந்து சீசாவில் ஊற்றி, வயிற்றோடு ஒட்டிக் கட்டிக்கொண்டு வந்து, கக்கூஸுக்குள் டப்பாவில் மாற்றிக் கொடுப்பார்கள்.

சோதனையன்று காலை அவன் மனைவியிடம் சீசாவை நீட்டினான்.

“ஆம்பளைது பொம்பளைதுன்னு கண்டுபிடிச்சிட மாட்டாங்களா?”

“மூத்திரத்துக்கு மீசையா இருக்கு?”

சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். தையல் கம்பெனியில் காலர் தைக்கிறவள். நிழல், ஃபேன், உட்கார்ந்த வேலை. தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. வெளியே வர நேரமாயிற்று.

“என்னடி, உள்ள கெணறு வெட்டுறியா?”

“கேட்ட உடனே வருமா? இருங்க.”

ஆலையில், சோதனை வரிசையில் பின்னால் நின்ற கிரேன் டிரைவர் அவன் இடுப்பைத் தட்டினான். “யாருது மாப்ள?”

“வீட்டுக்காரி.”

“அப்ப பாஸுதான். தங்கச்சி சமையல்தான் ஃபெயிலு.”

நர்ஸ் டப்பாவைத் தொட்டாள். சூடு சரியாக இருந்தது. சோதனைப் பட்டையை முக்கி, அது மாறிய நிறத்தைப் பார்த்து, இன்னொரு பட்டையை எடுத்து முக்கினாள்.

“எவ்வளவு நாளா எரியுது அண்ணே?”

“எரியலையே.”

“பொய் சொல்லாதீங்க. சீழ் இருக்கு, ரத்தம் இருக்கு, புரதம் கொட்டுது. தண்ணியே குடிக்காம அடக்கி அடக்கி வைப்பீங்களா? இது நேத்து இன்னைக்கு வந்ததில்ல. கிருமி மேல ஏறி கிட்னியில உட்கார்ந்திருக்கும்.”

அவன் ஜென்மத்தில் அடக்கியதில்லை. கசடு மேடு எப்போதும் இருந்தது. தையல் கூடத்தில்தான் ஷிப்டுக்கு இரண்டு தடவை அனுமதி. கக்கூஸ் வாசலில் சூப்பர்வைசர் கடிகாரத்தோடு நிற்பான். அதற்கு அஞ்சி, விடிந்ததிலிருந்து அவள் தண்ணீரைத் தொடுவதில்லை. ஒன்பது வருஷமாக அவன் கேட்டுக் கேட்டுக் கொட்டாவி விட்ட புலம்பல் அது.

என்னுது இல்லை என்று வாய்வரை வந்தது. சொன்னால் அவனுடையதைக் கேட்பார்கள். நர்ஸ் தாளில் ‘தகுதியில்லை’ என்று எழுதி, நாளையிலிருந்து உலைப் பக்கம் போக வேண்டாம் என்றாள்.

சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக இரண்டு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள்.

“பாஸா?”

சொன்னான், ஒன்று விடாமல். அவள் சொம்பை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“எரிச்சல் இருக்குதான். எங்க லைன்ல எல்லாருக்கும் இருக்கு. பொம்பளைன்னா இருக்கும்னு நெனச்சேன்.”

“நாளைக்கு ஆஸ்பத்திரி போவோம்.”

“நாளைக்கா? லீவு போட்டா என் மிஷின்ல வேற ஒருத்திய உட்கார வெச்சிடுவாங்க. உங்களுதும் போச்சு.”

“நீயும் என்னை மாதிரி ஆயிடுவடி.”

“எங்க கம்பெனியில டெஸ்ட்டே கிடையாதுங்க,” என்றாள், ஆறுதல் சொல்வது போல. “யாரும் பார்க்க மாட்டாங்க.”

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீரோடு வாசலில் மறித்தான். வாங்கிக்கொண்டாள். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினாள். மிச்சத்தை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நடந்தாள்.