இரண்டு இருக்கைச் சீதனம்

பால்காரன் படலையைச் சாத்திக்கொண்டு போன கையோடு தியாகராசா காரை ஸ்ராட் பண்ணினான். அளவெட்டியின் அந்த ஒழுங்கை முழுவதும் அதிர்ந்தது. பின்வளவில் யாரோ "கெலி வருது" என்று கத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவர் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களை எறிந்துவிட்டு வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தார்கள். வந்தது ஹெலிகொப்டர் இல்லை, தியாகராசாவின் கார்தான் என்று தெரிந்ததும் அவர்களுடைய தாய் நல்லம்மா வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"மீனாம்பிகை, ஆகாயத்திலை திரியிறது போதாதெண்டு நீங்கள் வீட்டிலையும் ஒண்டு வளக்கிறியளோ?"

கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்ற மீனாம்பிகை, "அவரிட்டைச் சொல்லுறன் அக்கா" என்றாள்.

"நீ நெடுகச் சொல்லுறாய். அவர் நெடுக உறுமுறார். என்ரை சின்னவன் நித்திரையிலை மூத்திரம் போறான். உன்ரை வயித்திலை கிடக்கிறதும் ஒருநாளைக்கு உந்தச் சத்தத்துக்குப் பயந்து நடுங்கும். அப்ப விளங்கும் உனக்கு."

நல்லம்மா தலையை இழுத்துக்கொண்டாள். மீனாம்பிகைக்குக் கோபம் வரவில்லை. அவள் சொன்னதில் பிழையிருந்தால்தானே கோபம் வருவதற்கு.

அது எண்பத்தாறாம் ஆண்டு. பலாலி முகாமிலிருந்து கெலி எழும்பினால் வலிகாமத்துச் சனம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடும். அந்தச் சனத்துக்கு நடுவே ஓட்டப்போட்டிக் கார் ஒன்றை நாள்தோறும் வேலைக்கு ஓட்டிக்கொண்டு போனான் தியாகராசா. நுவரெலியா மலைப்பாதைப் போட்டிக்கென்று ஒரு தேயிலைத் தோட்டத்துரை கப்பலில் வருவித்த கார் அது. இருக்கைகள் இரண்டு. பின்னால் ஆள் இருக்க இடமில்லை, பொருள் வைக்கவும் இடமில்லை. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓடும். எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை நகராது. சூடேறிய பிறகு மெல்லப் போனாலோ பிளக்குகளில் கரி பிடித்துவிடும். சுன்னாகம் சந்தைக்குப் போகும் வெங்காய வண்டில்களுக்குப் பின்னால் ஊரவேண்டி வந்தால் தண்ணீர் கொதிக்கும். கொதித்து நின்றால் ஆறும்வரை எந்தச் சாமி வந்து தள்ளினாலும் எழும்பாது.

மீனாம்பிகை சுன்னாகத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரீச்சர். யாழ்ப்பாணத்தில் வங்கி வேலைக்குப் போகும் வழியில் அவளை இறக்கிவிட்டுப் போவான் தியாகராசா. சீலையோடு அந்தக் காருக்குள் ஏறுவதென்றால் முதலில் நிலத்தில் குந்துவதுபோலக் குனிய வேண்டும். பிறகு காலை மடக்கி உள்ளே சரிய வேண்டும். பாதத்துக்குக் கீழே தகரம் கொதிக்கும். குழியொன்றில் விழுந்தால் இடுப்பும் நாரியும் முறியும். இறங்கும்போது பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருமுறை காரின் புகைக்குழாய் வெடித்த சத்தத்துக்கு ஒரு வகுப்பே மேசைக்குக் கீழே போய்ப் படுத்தது. அதிபர் அன்றைக்கு அவளைக் கூப்பிட்டுச் சொன்ன வார்த்தைகளை அவள் வீட்டில் சொல்லவில்லை.

கார் வந்த கதை ஊருக்கே தெரியும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு ஊருக்கு வந்தவன் தியாகராசா. கொழும்பில் இருந்த காலத்தில் அந்தக் காரை ஒரே ஒருநாள் ஓட்டப்போட்டியில் ஓட்டியிருந்தான். அந்த ஒருநாள் அவன் மனதை விட்டு இறங்கவேயில்லை. கலியாணம் பேசியபோது, "வீடு வேண்டாம், காணி வேண்டாம், நகை போடுறது உங்கடை விருப்பம். கொழும்பிலை ஒரு பழைய கார் நிக்குது. அதை மட்டும் எடுத்துத் தாங்கோ" என்றான். எவ்வளவு நல்ல மாப்பிள்ளை, பழைய கார் ஒன்றைத்தானே கேட்டார் என்று பெண்வீட்டு ஊரான ஏழாலைச் சனம் புகழ்ந்தது. மீனாம்பிகையும் பெருமைப்பட்டாள். அவளுடைய தகப்பன் ஏரம்பர் வெங்காயத் தோட்டக்காரர். பழைய கார் என்றால் சந்தியில் வாடகைக்கு நிற்கும் கார்களைப் போல ஒன்று என்று நினைத்துக்கொண்டு கொழும்புக்கு ரயில் ஏறினார். விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் ஒருவரோடும் கதைக்கவில்லை. அந்தக் கிழமையே தன் செம்மண் தோட்டத்தைக் கிணற்றோடு விற்றார். பிறகு அதற்குப் பக்கத்துக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, அந்த வயதில் கூலியாள் இல்லாமல் தானே கொத்தத் தொடங்கினார். மருமகனிடம் இதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. தியாகராசாவும் கேட்டதில்லை.

அன்று காலை மீனாம்பிகை காரில் ஏறவில்லை. கைப்பையோடு படலையடியில் நின்றாள்.

"மருத்துவிச்சி இனி உதிலை ஏறக்கூடாதெண்டு சொல்லிப்போட்டா. நான் பஸ்ஸிலை போறன்."

"உதென்ன கதை? என்ரை மனிசி பஸ்ஸிலை இடிபட்டுக்கொண்டு போறதோ? பாக்கிறவங்கள் சிரிப்பாங்கள். நீர் ஏறும்."

"உந்தப் பெல்ற்றின்ரை பூட்டு என்ரை வயித்திலை வந்து அழுத்துது."

"அப்ப பெல்ற்றைப் போடாமல் இரும்."

"சிரிக்கிறவை இப்பவும் சிரிச்சுக்கொண்டுதான் இருக்கினம்" என்றாள் மீனாம்பிகை. "காரின்ரை சத்தத்திலை உங்களுக்குக் கேக்கேல்லை."

அவன் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். ஒழுங்கை முழுவதும் புழுதி எழும்பியது. அதற்குப் பிறகு வீட்டில் அவர்கள் சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் மட்டும் கதைத்தார்கள். ஒரு காலையில் கார்க் கண்ணாடி முழுவதும் யாரோ சாணி அப்பியிருந்தார்கள். தியாகராசா ஒழுங்கையில் நின்று எல்லா வீட்டாரையும் ஏசினான். ஒருவரும் வெளியே வரவில்லை. மீனாம்பிகை வாளியும் தண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழாலையில் தாய்வீட்டில் சாப்பாடு. அங்கே போகப் பஸ் இல்லாததால் மீனாம்பிகை பல்லைக் கடித்துக்கொண்டு காரில் ஏறினாள். வழி முழுவதும் வண்டில்கள். ஏழாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது காரின் முன்பக்கத்தால் ஆவி பறந்தது. தியாகராசா அதை வீதியோரத்தில் நிழலில் விட்டுவிட்டு, ஒரு துணியால் அதன் முகத்தைத் துடைத்தான். மாமனார் எங்கே என்று கேட்கவில்லை.

ஏரம்பர் தோட்டத்தில் வெங்காயத்துக்குப் பூச்சிமருந்தடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியும் அவர் வராததால் தாய் தேடிக்கொண்டு போனாள். போனவள் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். "மனுசன் வரம்பிலை விழுந்து கிடக்குது. வாயாலை நுரை வருது."

"காரைக் கொண்டு வாங்கோ" என்றாள் மீனாம்பிகை.

தியாகராசா தோட்டத்துக்குப் போகும் வண்டில் பாதையைப் பார்த்தான். நடுவில் மேடு, இரண்டு பக்கமும் சில்லுப் பள்ளம். "அதிலை இறக்கேலாது. கார் அடியிலை தட்டும். இஞ்சை தூக்கிக்கொண்டு வரச்சொல்லும்."

பக்கத்துத் தோட்டக்காரர் நாலைந்து பேர் ஏரம்பரைச் சாக்கில் வைத்துத் தூக்கி வந்தார்கள். அவருடைய உடம்பு முழுவதும் வேர்வை. கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது. அந்தச் சின்னக் கதவுக்குள்ளால் அவரை மடித்து உள்ளே திணித்தார்கள். தலை நிற்கவில்லை. படுத்த வாக்கில் கிடத்த அந்தக் காரில் இடமில்லை. இருக்கையில் சரிந்தவர் அப்படியே வாந்தியாகச் சத்தி எடுத்தார்.

"ஒரு சாக்கை விரிச்சுப்போட்டு இருத்தியிருக்கலாமே" என்றான் தியாகராசா.

தூக்கி வந்தவர்களில் ஒருவன் அவனை நிமிர்ந்து பார்த்தான். மீனாம்பிகையும் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் அவளுக்கும் அவனுக்கும் இடையிலிருந்த ஏதோ ஒன்று அறுந்தது.

தியாகராசா சாவியைத் திருப்பினான். எஞ்சின் இருமியது. மறுபடி திருப்பினான். புகைக்குழாய் ஒருமுறை வெடித்தது, அதோடு சரி. நாலுபேர் தள்ளினார்கள். கார் உருண்டது, எழும்பவில்லை. அவன் முன்மூடியைத் திறந்து பிளக்குகளைக் கழற்றத் தொடங்கினான். உள்ளே ஏரம்பருக்கு மூச்சு இழுத்தது.

அந்த நேரம் சுன்னாகத்தில் மீன் இறக்கிவிட்டு ஒரு பழைய வான் வந்தது. ஓட்டி வந்தவன் பருத்தித்துறைச் சந்தியோகு. ஏரம்பர் வீட்டுக்கு அவன் மீன் கொடுப்பது படலைக்கு வெளியே நின்றுதான். உள்ளே வா என்று அந்த வீட்டில் ஒருவரும் அவனைக் கூப்பிட்டதில்லை. இறங்கி ஒருதரம் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. வானின் பின்கதவைத் திறந்து மீதி மீன் பெட்டிகளை வீதியில் இழுத்துப் போட்டான்.

"மனுசனைத் தூக்குங்கோ. தங்கச்சி, நீ ஏறி ஐயாவின்ரை தலையைச் சரிச்சுப் பிடி."

பிளக்கும் கையுமாக நின்ற தியாகராசா, "இந்தா, இப்ப எழும்பிவிடும்" என்றான்.

"எழும்பட்டும் அண்ணை. அது எழும்பினாப் பிறகு நீங்கள் ஆறுதலா வாங்கோ" என்றான் சந்தியோகு.

மீன் தண்ணீர் ஊறிய தகரத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தபடி ஏரம்பர் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போனார். பூச்சிமருந்து உடம்பில் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்குத்தர் சொன்னார். தியாகராசா யாரோ ஒருவருடைய சைக்கிளில் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தபோது மீனாம்பிகை விறாந்தையில் போட்டிருந்த மர வாங்கின் ஒரு ஓரத்தில் இருந்தாள். அவன் மறு ஓரத்தில் இருந்தான்.

மறுநாள் காலை ஏரம்பர் கண் விழித்தார். மகளைப் பார்த்தார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் நின்ற மருமகனைப் பார்த்ததும் எழும்பி இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"தம்பி, நான் காருக்குள்ளை சத்தி எடுத்துப்போட்டன் போலை கிடக்கு. சீற் பழுதாப் போச்சோ? குறை நினையாதேங்கோ."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"கேட்டியளே?" என்றாள் மீனாம்பிகை. அவள் குரலை உயர்த்தவில்லை. "செத்துப் பிழைச்ச மனுசன் முதல் கேக்கிற கேள்வி உது. அது அவரின்ரை காணியை வித்து வாங்கின கார். அதிலை சத்தி எடுத்ததுக்கு உங்களிட்டை மன்னிப்புக் கேக்கிறார். நீங்கள் ஐயாவிட்டை எடுத்தது காணியை மட்டுமில்லை. மகளைக் குடுத்த வீட்டுக்காரனுக்கு முன்னாலை நிமிந்து நிக்கிற தைரியத்தையும் எடுத்துப்போட்டியள்."

அவன் மாமனாரின் காலைத் தொடப்போனான். அவர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டார். அந்த இழுப்பு அவனுக்கு மனைவியின் சொல்லைவிடக் கூடுதலாகச் சுட்டது.

காரை முழுதாக வாங்க யாழ்ப்பாணத்தில் ஆளில்லை. அவன் அதைத் துண்டு துண்டாக விற்றான். தோட்டத்தை வாங்கியவரிடம் போய்த் திருப்பிக் கேட்டான். "வித்தது வித்ததுதான்" என்று அவர் கதவடியிலேயே வைத்துச் சொல்லி அனுப்பினார். கிடைத்த காசு குத்தகைக் காணிக்குக் கூலியாள் வைக்க உதவியது, அவ்வளவுதான். மீனாம்பிகை அவனை மன்னிக்கவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை. இருவரும் ஒரே பஸ்ஸில் போனார்கள்.

ஒருநாள் பஸ்ஸில் வங்கியில் அவனுக்கு மேலதிகாரியான கனகரத்தினம் ஏறினார். மீனாம்பிகையைக் கண்டு தலையாட்டிவிட்டுத் தியாகராசாவுக்குப் பக்கத்தில் நின்றார். மூத்த மகனுக்குக் கலியாணம் பேசி முற்றாகிவிட்டது என்றார்.

"நாங்கள் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. பொடியன் ஒரு மோட்டச்சைக்கிளுக்குத்தான் ஆசைப்படுறான். அதுவும் பழசெண்டாலும் பரவாயில்லையாம்."

"அதையும் கேளாதேங்கோ அண்ணை" என்றான் தியாகராசா.

கனகரத்தினத்தின் முகம் இறுகியது. "உமக்கு வேண்டியது கிடைச்சுது. ஆண்டு அனுபவிச்சுப்போட்டு இப்ப எனக்குப் படிப்பிக்கிறீரோ?"

பஸ்ஸில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள். முன்பென்றால் தியாகராசா சண்டைக்கு நின்றிருப்பான். இப்போது கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மீனாம்பிகைக்கும் கேட்கும்படி சொன்னான்.

"ஓம் அண்ணை, வாங்கினவன்தான் சொல்லவேணும். குடுத்தவை ஒருநாளும் வாய் திறக்கமாட்டினம். சாகக் கிடந்தாலும் காருக்கு என்ன நடந்தது எண்டுதான் கேப்பினம். நானும் சின்னதாத்தான் கேட்டன் எண்டு நினைச்சன். கேக்கிறவனுக்குத்தான் அது சின்னது. பொம்பிளை வீட்டிலை அதுக்காக என்ன விக்கினம், ஆர் வெயிலிலை விழுகினம் எண்டு எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் எடுத்தாலும் களவு களவுதான். சீதனம் கேக்கிறது களவு அண்ணை."