டென்ஷன் என்று எழுதிய சீட்டு

தங்கச்சிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து ஒன்பது மாதம். சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள், நாலு விரிப்பு முடிப்பதற்குள் சுவரைப் பிடித்துக்கொள்வாள். கால் வீங்கியது. படுத்தால் நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தே தூங்கினாள்.

"புருஷன் விட்டுட்டுப் போனவங்க இல்லையா? டென்ஷன்தான்" என்றார் கிளினிக் டாக்டர். ஏழு தடவை போனாள். ஏழு தடவையும் அதே பல்லவி, அதே தூக்க மாத்திரை.

பஸ் ஓட்டும் அக்காவுக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. தங்கச்சி வேலையிடத்தில் மயங்கி விழுந்த அன்று, பெரிய ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினாள். இதயத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா திரையைக் காட்டினார். இதயத்தின் இடது மேலறையில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி, காம்பில் தொங்கியபடி, ஒவ்வொரு துடிப்புக்கும் வால்வின் வாயில் வந்து அடைத்தது.

"புற்றுநோய் இல்லம்மா. ஆனா ரத்தம் போற வழியை மறிக்குது, அதான் இதயம் திணறுது. உடனே எடுத்தாகணும்."

எடுத்தார்கள். தங்கச்சி பிழைத்தாள்.

நாலாம் நாள் அக்கா சீருடையோடு கிளினிக்குக்குள் நுழைந்தாள்.

"அது ரொம்ப அபூர்வமான கட்டிம்மா" என்றார் டாக்டர்.

"கட்டி அபூர்வம், சரி. வீங்கின காலுமா அபூர்வம்? ஏழு தடவையில ஒரு தடவையாவது அவ நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டீங்களா?"

காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா தங்கச்சியின் மருந்துச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அவ சீட்டுல டென்ஷன்னு எழுதியிருக்கீங்களே, அதை அடிங்க. என் கண் முன்னாடி அடிங்க."

டாக்டர் முகம் சிவந்துபோய், பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தார்.

அக்கா கோபம் தணியாமலே ஆஸ்பத்திரிக்கு வந்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தங்கச்சி சிரிக்கவில்லை.

"அவரைக் கேட்டே, சரி. 'நடிக்காதடி, வேலைக்குப் போக வலிக்குதா'ன்னு சொன்னது யாரு? அதுவும் அந்த டாக்டரா?"

சொன்னது அக்காதான். ஒரு தடவை இல்லை, பல தடவை.

"தப்புதான்டி."

"தப்புன்னு சொன்னா முடிஞ்சுதா? செத்துப்போயிருப்பேன்க்கா!"

அக்கா நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"திட்டு. எங்கயும் போக மாட்டேன்."

தங்கச்சி திட்டினாள். ஒன்பது மாதக் கோபம், சீக்கிரத்தில் தீரவில்லை.