அம்மா உட்கார்ந்த கதை

சலவைக்கடைக்காரரின் மகள் எந்த நாட்டுப் பெண்களின் போராட்டத்தைப் பற்றிப் படித்தாலும், அன்று சாயங்காலமே அந்தப் பெண்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார்கள், அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முதலில் வந்தவர்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் இறங்கிய குளிர் தேசத்துப் பெண்கள். நனைந்த நீளப் பாவாடை, தோளிலிருந்து குறுக்காக ஊதாப் பட்டை, ஒருத்தி கையில் இரும்புச் சங்கிலி. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றவர்களைச் சலவைக்கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். துணி போட வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டு கோட்டு, பட்டை எல்லாவற்றையும் வாங்கி, எண் சீட்டு கட்டி உள்ளே அனுப்பினார். சங்கிலிக்கும் ஒரு சீட்டு கட்டினார். தொழில் என்று வந்துவிட்டால் அவர் யாரையும் எதையும் கேள்வி கேட்கிறவர் இல்லை.

மகளுக்கு இந்தப் படிப்பு என்றால் உயிர். கல்லூரியில் மற்றவர்கள் வேலை கிடைக்கிற பாடமாகப் பார்த்து எடுக்க, இவள் மட்டும் உலகப் பெண்கள் இயக்கங்கள் என்ற பாடத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று அப்பா கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் இளகிய மனசுக்காரர்தான். "சரி, படி. ஆனா உன் படிப்பால கடைக்கு ஒரு இடைஞ்சல் வந்துச்சுன்னா, மறுநாளே கவுண்டர்ல வந்து உக்காந்துடணும்" என்று சொல்லி அனுப்பினார். கடைக்கு மேலேயே வீடு என்பதால், விருந்தாளிகள் வர ஆரம்பித்ததும் அவளுக்குக் கவுண்டர்தான் கண்முன்னால் வந்து நின்றது. ஆனாலும் படிக்காமல் இருக்க முடியவில்லை.

காணாமல் போன பிள்ளைகளைத் தேடி வாராவாரம் சதுக்கத்தைச் சுற்றி நடந்த அம்மாக்கள் வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்தார்கள். ஒரு அம்மா மட்டும் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மகளின் அண்ணனுடைய தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் பிள்ளை இல்லை என்று தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. யாரிடமும் வள்ளென்று விழுகிற அண்ணன் அன்று அத்தனை முக்காடுகளையும் தானே தேய்த்து மடித்துக் கொடுத்தான். மரங்களைக் கட்டிப்பிடித்துக் காட்டைக் காப்பாற்றிய மலைப்பெண்கள், பின்பக்கம் ஒரு மரம்கூட இல்லாததைக் கண்டு, துணிக்கொடிக் கம்பத்தைச் சந்தேகத்தோடு தடவிப் பார்த்தார்கள். யாருடைய பாஷையும் யாருக்கும் தெரியாது. அம்மா கையைக் காட்டியே எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள், துண்டு கொடுத்தாள், குளியலறை வரிசையை ஒழுங்குபடுத்தினாள்.

அண்ணன் அந்த ஊதாப் பட்டைகளைப் பெரிய விடுதியின் வெள்ளை விரிப்புகளோடு சேர்த்து மெஷினில் போட்டதுதான் வினையாகப் போயிற்று. அத்தனை விரிப்பும் கத்தரிப்பூ நிறத்தில் வெளியே வந்தது. விடுதி மேலாளர் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. சலவைக்கடைக்காரர் போனை வைத்துவிட்டு மேலே வந்து மகளிடம், "போதும்மா. புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துடு. திங்கக்கிழமையிலிருந்து கவுண்டர்" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் விழுகிற சத்தத்தில் அழுதாள்.

அன்று சாயங்காலம் வந்திருந்த பெண்கள் யாரும் சாப்பாட்டைத் தொடவில்லை. கூடத்தில், படியில், அழுக்கு மூட்டைகளின் மேல் என்று கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். காரம் தூக்கலோ என்று அம்மா காரமில்லாமல் இன்னொரு தடவை சமைத்தாள். அதையும் தொடவில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேசையில் இருந்த மூன்று பேருக்கும் கையைத் தட்டில் வைக்கக் கூச்சமாக இருந்தது. தனக்காகத்தான் உண்ணாவிரதம் இருக்கிறார்கள் என்று மகளுக்கு ஒரே பெருமை. எழுந்து நின்று, பெண்கல்வியைப் பற்றி அப்பாவைப் பார்த்து நீளமாகப் பேசினாள். சங்கிலிக்காரப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவள் தோளைத் தட்டி, மோவாயால் அடுப்படிப் பக்கம் காட்டினாள்.

அங்கே அம்மா கரண்டியோடு சுவரில் சாய்ந்து நின்றாள். "நீங்க சாப்பிடுங்க. நான் அப்புறமா சாப்பிட்டுக்கறேன்" என்றாள், எல்லா நாளும் சொல்வதுபோல. அவர்களோ சிறையில் பட்டினி கிடந்து பழகியவர்கள். சலவைக்கடைக்காரர் சாப்பாடு கால்மணி தள்ளிப்போனாலே தலைவலி வருகிற மனிதர். போட்டி எப்படி முடியும் என்று சொல்லவா வேண்டும். "நீயும்தான் உக்காரேன்" என்றார் கடைசியில். அம்மா மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்க உக்காரட்டும்?" என்று கேட்டாள். குறையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். வீட்டில் ஆள் நாலு, நாற்காலி மூன்று. பிள்ளைகள் மேசைக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். எந்த நாட்டில் எந்தப் பெண்கள் எதற்காக நடந்தார்கள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மகளுக்கு, அம்மா எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று தெரிந்திருக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடகடவென்று கீழே இறங்கிப்போய், கவுண்டரில் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாள்.

பஸ்ஸில் தெரியாத ஆளுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தவள்போல அம்மா நுனியில் உட்கார்ந்தாள். ஒரு வாய் வைத்தாள். சூடாக இருந்தது. இன்னொரு வாய் எடுத்தாள். "நல்லாத்தானே சமைக்கிறேன்" என்றாள் ஆச்சரியத்தோடு. "இத்தனை வருஷத்துல ஒருத்தரும் சொல்லலையே." பிறகு, உட்கார்ந்ததால் நேருக்கு நேராகத் தெரிந்த புருஷன் முகத்தைப் பார்த்து, "அவ படிக்கட்டும்ங்க. சாயம் போற துணியத் தனியாப் போடணும்னு தெரியாம கடை நடத்தினது அவ தப்பா?" என்றாள். சலவைத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டில் கை வைத்தார். கூடம் முழுக்கத் தட்டுச் சத்தம் கேட்டது. சட்டி காலியானது.

கோபித்துக்கொண்டு போன விடுதிக்காரர் வேறு கடைகளில் பட்ட பாட்டுக்குப் பிறகு தானாகத் திரும்பி வந்தார். மகள் படித்து முடித்து, தூரத்து நகரத்தில் பாடம் நடத்தப் போனாள். அவள் எழுதிய புத்தகத்தில் நாற்காலி இல்லாத ஒரு பெண்ணைப் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. புத்தகம் நாலைந்து பாஷைகளில் போனது. அதற்குப் பிறகுதான் சாயங்கால நேரங்களில் அம்மா வீட்டிலிருந்து காணாமல் போக ஆரம்பித்தாள். முதல் தடவை சலவைக்கடைக்காரர் தெருத்தெருவாகத் தேடிவிட்டுத் தளர்ந்துபோய் வந்து உட்கார்ந்தபோது, தலையெல்லாம் பனித்தூளோடு அவள் படியேறி வந்தாள்.

"எங்க போயிட்ட?"

"யாரோ ஒரு பொண்ணு நம்ம மக எழுதினதப் படிச்சிட்டு இருந்தா. அவங்கம்மா அடுப்புப் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தா."

"நீ சாப்பிட்டியா?"

"அவ உக்காராம நான் எப்படிச் சாப்பிட? நாளைக்கும் போகணும்."

அவர் அடுப்பைப் பற்றவைத்துச் சாப்பாட்டைச் சூடாக்கினார். மறுநாள் சாயங்காலம் அவள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது, ஒரு கம்பளி ஸ்வெட்டரைக் கொண்டுவந்து நீட்டினார். "போட்டுட்டு உரி. எந்த நேரத்துல படிப்பாங்களோ" என்றார்.