கூடவே வந்த கணவாய்ச் சாலை

பனியில் ஓடுவதற்காக லாரி டயரில் கட்டிய சங்கிலியை, பனி முடிகிற இடத்தில் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் வந்தால் அந்தச் சாலையும் லாரியோடு கூடவே வந்துவிடும். சங்ககிரியில் லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். பொங்கியண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் அந்தத் தை மாதம் அவர் காஷ்மீரிலிருந்து ஆப்பிள் ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பியபோது, அவருடைய லாரிக்குப் பின்னால் ஒரு கணவாய்ச் சாலை, மேலே பனியோடும் ஓரத்தில் ஒரு டீக்கடையோடும், அவர் வீட்டுத் தெரு வரைக்கும் வந்து நின்றது.

தப்பு நடந்தது மரியாதையால்தான். அவர்கள் வண்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. சங்கிலியைக் கட்டியவர் அதைக் கழற்றக் கூடாது. கூட வருகிற இன்னொரு டிரைவர்தான் கழற்ற வேண்டும். தூங்குகிற டிரைவரை அவர் முறை வரும்வரை எழுப்பக் கூடாது என்று இன்னொரு வழக்கமும் உண்டு. கணவாயின் உச்சியில் சங்கிலி கட்டியவர் பொங்கியண்ணன். பனி முடிந்த இடத்தில், கூட வந்த டிரைவர் செங்கோடன் சீட்டுக்குப் பின்னால் இருந்த பலகையில் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். பொங்கியண்ணன் இரண்டு வழக்கத்தையும் மீறவில்லை. வண்டியை நிறுத்தாமல் ஓட்டினார்.

செங்கோடன் எழுந்து ஸ்டேரிங்கைப் பிடித்தது பஞ்சாப் சமவெளியில். கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறதே என்றான். பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தான்.

"மாப்ள, பின்னாடி ரோடு வருது."

"பின்னாடி ரோடு இல்லாம வேற என்ன இருக்கும்?"

"மத்த ரோடெல்லாம் பின்னாடி போகுது. இது மட்டும் வருது."

பொங்கியண்ணன் எட்டிப் பார்த்தார். வந்துகொண்டுதான் இருந்தது. அங்கேயே சங்கிலியைக் கழற்றினால் ஒரு மலைச் சாலையைக் கடுகு வயல்களுக்கு நடுவில் போட்டுவிட்டுப் போனது போல ஆகும். அடுத்தவன் வயலில் அப்படிச் செய்வது முறையில்லை. திருப்பிக்கொண்டு போகலாம் என்றால் ஆப்பிள் சேலம் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். ஏற்றிய சரக்கை முதலில் இறக்குவோம், மற்றதை அப்புறம் பார்ப்போம் என்று அவர் சொன்னார். செங்கோடனுக்கும் அது சரியாகவே பட்டது.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில், சாலை காலியா, மேலே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு டீக்கடை இருக்கிறது என்று செங்கோடன் உண்மையைச் சொன்னான். நீளம் அதிகமாக இருப்பதால் கடைசியில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்றார் அங்கிருந்த அதிகாரி. செங்கோடன் துணியை எடுத்துக்கொண்டு சாலையின் வால்வரை நடந்து போய்க் கட்டிவிட்டு, டீக்கடையில் ஒரு டீயும் குடித்துவிட்டு வந்தான். டீ நன்றாக இருக்கிறது என்றான். கடைக்காரர் பெயர் மன்சூர் வானி என்றும், இந்த வருஷம் புதுப் புது ஆட்களாக வருகிறார்கள் என்று அவர் சொன்னதாகவும் தெரிவித்தான்.

சங்ககிரியில் அந்தச் சாலை, தெருவிலிருந்த மண் தடத்தின் மேல் அளவெடுத்தது போலப் படிந்தது. மறுநாள் காலையில் பெண்கள் வாசலில் கிடந்த பனியைப் பெருக்கி ஓரமாகத் தள்ளிவிட்டுக் கோலம் போட்டார்கள். அந்தத் தெருவுக்குத் தார்ச்சாலை வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொங்கியண்ணனின் மனைவி மரகதத்தின் குரல்தான் அதில் பெரிய குரல்.

வார்டு கவுன்சிலர் ஆத்தியப்பன் செருப்போடு பனியில் நடந்து பார்த்தார். நல்ல சாலை, ஓரத்தில் தடுப்புச் சுவரும் இருக்கிறது என்று பாராட்டினார். பிறகு பொங்கியண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் ஒன்றுமே செய்ய வேண்டாம், வண்டியை அப்படியே விடுங்கள் என்றார். தை வெயிலில் பனி கரைந்துவிடும். பனி போனால் சங்கிலிக்குப் பிடிமானம் இருக்காது. அப்புறம் இந்தச் சாலையை யாராலும் இழுத்துக்கொண்டு போக முடியாது, இங்கேயே தங்கிவிடும் என்று கணக்குச் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. தெருவே தலையாட்டியது.

அன்று சாயங்காலம் மன்சூர் வானி கெட்டிலோடு பொங்கியண்ணன் வீட்டுக்கு வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர். எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தபிறகுதான் பேசினார். அவர் இந்தியில் சொன்னதைப் பொங்கியண்ணன் மரகதத்துக்குத் தமிழில் சொன்னார். மன்சூருடைய மனைவி ஹலீமா, பிரசவத்துக்காகக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தை பிறந்துவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் இந்தச் சாலையில்தான் இறங்கி வரவேண்டும்.

"ரோடு இல்லைன்னா திரும்பி அம்மா வீட்டுக்கே போயிருவாளான்னு கேளுங்க" என்றாள் மரகதம்.

கேட்டார். மன்சூர் இல்லை என்று தலையசைத்தார்.

"போக மாட்டாள், டிரைவர் உஸ்தாத். எதிரே வந்து கூட்டிக்கொள்கிறேன் என்று நான் சொல்லியிருக்கிறேன். அங்கேயே நிற்பாள்."

மரகதம் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனாள். ரைஸ்மில்லிலிருந்து உமி மூட்டைகளைத் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்து, தன் வாசலுக்கு நேரே இருந்த பனியின் மேல் கொட்டிப் பரப்பினாள். கரைவதுதானே நமக்கு நல்லது, அதைப் போய் மூடுகிறாயே என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டுப் பவானி பஸ் ஸ்டாண்டுல நின்னவ நான். இதா வர்றேன்னு சொன்ன மனுசன் வர்ற வரைக்கும் நின்னேன். மண்ணுல நடக்கறது எனக்குப் பழக்கந்தான், அக்கா."

பொங்கியண்ணன் அப்போது லாரிக்கு அடியில் எதையோ பார்ப்பது போலக் குனிந்துகொண்டார். எதிர்வீட்டுக்காரி சேலையை இழுத்துச் செருகினாள். பிறகு உள்ளே போய்த் தென்னங்கீற்றை இழுத்து வந்தாள். அடுத்த வீட்டில் ஈரச் சாக்கு கிடைத்தது. இப்படியே தெரு முழுக்கப் பனிக்கு மேல் ஒரு போர்வை விழுந்தது. ஆத்தியப்பன் ஒவ்வொரு வாசலாக நின்று பேசிப் பார்த்தார். யாரும் அவரை எதிர்த்துப் பேசவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. கடைசியில் தன் மரக்கடையிலிருந்து ஒரு டெம்போ நிறைய மரத்தூள் அனுப்பினார். அங்கங்கே மூடாமல் விட்டால் பார்க்க நன்றாக இருக்காது என்றார்.

ஆப்பிளை வேறு வண்டியில் மாற்றிச் சேலத்துக்கு அனுப்பியதும் செங்கோடன் வண்டியை அப்படியே திருப்பப் போனான். பொங்கியண்ணன் தடுத்தார். இப்போது பிடித்திருப்பது சாலையின் தென்முனை. அதைப் பிடித்து வடக்கே இழுத்தால் சாலை தலைகீழாகப் போய் விழும். ஏற்றம் இறக்கமாகிவிடும். வடக்கே போகக் கிளம்பினவர்கள் தெற்கே போய்ச் சேருவார்கள். அதனால் செங்கோடன் பழைய சங்கிலியைக் கழற்றினான். பிறகு லாரியைச் சாலையின் மேலேயே ஓட்டி, சிவப்புத் துணி கட்டியிருந்த வடமுனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பின் சக்கரங்களில் செங்கோடன் புதிதாகச் சங்கிலி கட்டினான். துணியை அவிழ்த்துக் கொண்டுபோய் மறுமுனையில் கட்டினான். மன்சூர் வானி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்தார். புறப்பட்டார்கள்.

வடக்கே போகப் போக உமி காற்றில் பறந்தது. கீற்றுகளை அந்தந்த ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். மலை தெரிய ஆரம்பித்தபோது சாலையின் மேல் புதுப் பனி விழுந்தது. பொங்கியண்ணன் நிம்மதியாக ஒரு வெற்றிலை போட்டார்.

கணவாயில் சாலை இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. இந்தப் பக்கம் மலை இருந்தது, மேகத்துக்கு அப்பால் அந்தப் பக்கமும் மலை இருந்தது. நடுவில் ஒரு சாலைக்கான இடம் காலியாக இருந்தது. விளிம்பில் கொடியோடு நின்ற காவலர், சாலை இன்னும் வந்து சேரவில்லை, காத்திருங்கள் என்றார். எங்கள் பின்னால்தான் வருகிறது என்றார் பொங்கியண்ணன். காவலர் எட்டிப் பார்த்துவிட்டுக் கொடியை இறக்கினார்.

செங்கோடன் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான்.

"மாப்ள, ரோடு பின்னாடி இருக்குது. முன்னாடி என்ன இருக்குது?"

"வண்டியத் தள்றது எந்தச் சக்கரம்?"

"பின் சக்கரம்."

"அது எது மேல நிக்குது?"

"ரோட்டு மேல."

"அப்பறம் என்ன? முன் சக்கரம் சும்மா வழி காட்டத்தான்."

முதல் கியரைப் போட்டார். முன் சக்கரங்கள் விளிம்பைத் தாண்டி வெறும் காற்றில் இறங்கின. ஸ்டேரிங் மட்டும் காகிதம் போல லேசானது. பின் சக்கரங்களில் சங்கிலி பனியை நறநறவென்று கடித்தது. அவை முன்னேறிய அளவுக்கு அவற்றோடு சாலையும் முன்னேறியது. லாரி எங்கே போனதோ அங்கே சாலை விழுந்தது.

வளைவுகள்தான் வேலை வைத்தன. சாலை இல்லாத இடத்தில் வளைவு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. முன்னதாகத் திருப்பினால் சாலை கோணிப் படியும், பிந்தினால் மலையை விட்டு விலகும். பிறகு எந்தக் காலத்திலும் அப்படியேதான் கிடக்கும். பொங்கியண்ணன் பார்ப்பதை விட்டுவிட்டுக் கைகளை நம்பினார். எத்தனையோ பனிக்காலங்களில் ஓட்டிய கைகள் அவை. அவர் நினைப்பதற்கு முன்பே திரும்பின. பக்கத்தில் செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டு, திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறி வருவதாக வேண்டிக்கொண்டான். வேண்டுதலைக் கொஞ்சம் குறைத்துக்கொள், பின்னால் உன் முழங்கால்தான் வலிக்கும் என்றார் பொங்கியண்ணன்.

கண்ணாடியில் மன்சூரின் கடை தெரிந்தது. அது தன் பழைய பாறையின் அருகே வந்ததும் லேசாக அசைந்து உட்கார்ந்தது. கெட்டிலின் ஆவி நேராக எழுந்தது. மன்சூர் இறங்கி, லாரிக்குப் பின்னாலேயே வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

உச்சிக்கு முந்தின வளைவில் பொங்கியண்ணன் எப்போதும் போல ஹாரன் அடித்தார். எதிரே எதுவும் வர வழியில்லை. இருந்தாலும் வளைவில் ஹாரன் அடிப்பது நல்லது. மேகத்துக்குள்ளிருந்து யாரோ பதில் ஹாரன் அடித்தார்கள்.

அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். முன் சக்கரங்கள் மண்ணைத் தொட்டன. பிறகு வண்டிக்கு அடியில் ஒரு சின்ன அதிர்வு. சாலை சாலையோடு சேர்ந்துவிட்டது.

கட்டியவன் செங்கோடன் என்பதால் பொங்கியண்ணனே இறங்கிச் சங்கிலியைக் கழற்றினார். பனியில் விறைத்த கொக்கிகளைச் சுத்தியால் தட்டி எடுத்து, இரண்டையும் பெட்டியில் போட்டுப் பூட்டினார். நிமிர்ந்தபோது ஹலீமா நின்றுகொண்டிருந்தாள். சொன்ன இடத்தில்தான் நின்றாள். மார்போடு ஒரு பொதி. மன்சூர் மூச்சு வாங்க வந்து பொதியை விலக்கிப் பார்த்தார். குழந்தை வியர்த்துப்போய்த் தூங்கியது.

"தாமதமாகிவிட்டது" என்றார் மன்சூர்.

"குளிரவில்லை" என்றாள் ஹலீமா.

அவளுக்குப் பின்னால், சாலைக்காகக் காத்திருந்த லாரிகள் வரிசையாக நின்றன. அத்தனை நாள் பனியில் நின்றதில் அவற்றுக்கு ரோமம் முளைத்திருந்தது. என்ஜினுக்கு மேலே நீளமாகவும் கதவுகளில் சுருள் சுருளாகவும் இருந்தது. டிரைவர்கள் கத்தரியோடு நின்று, கண்ணாடியை மறைக்கிற இடங்களில் மட்டும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தையைச் சுற்றியிருந்த துணி அந்த ரோமத்தில் நெய்தது. எந்த வண்டியுடையது என்று மன்சூர் கேட்டார். மூன்றாவதாக நிற்கிற நாகபுரி வண்டி, அதுதான் மிருதுவாக இருந்தது என்றாள் ஹலீமா.

செங்கோடன் தங்கள் லாரியின் முகப்பைத் தடவினான். உள்ளங்கையில் கம்பளிப்பூச்சி ஊர்வது போல இருந்தது. அரும்பு விட்டிருக்கிறது என்றான். பொங்கியண்ணனும் தொட்டுப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். சாலை சரியாகச் சேர்ந்துவிட்டது, அந்தப் பெண்ணும் பிள்ளையும் சுகம், வண்டிக்கு ரோமம் முளைக்கிறது, ஊருக்கு வருவதற்குள் வெட்டுகிற பதத்துக்கு வந்துவிடும் என்றார்.

மரகதம் என்ன நிறம் என்று கேட்டாள்.

"செம்மண் நிறம்" என்றார்.

வழியில் வெட்டிவிட வேண்டாம் என்றாள்.