பேரில் இருக்கும் பன்றி

கல்லூரி மாணவி கவியாவின் பரிசோதனை முடிவு பெரம்பலூர் மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்த அன்று மத்தியானத்துக்குள், அவளுக்குப் பன்றிக் காய்ச்சல் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. கவியாவின் ஊர் விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவராக இருந்த ஷாலினி மேரிக்கு விஷயம் தெரிந்ததே, கவியாவின் அப்பா தமிழ்மாறன் ஒரு கூட்டத்தோடு வந்து நின்றபோதுதான்.

"மேடம், அம்சவள்ளி வளக்குற பன்னியெல்லாம் ஊரவிட்டு அப்புறப்படுத்தணும்னு எழுதிக் குடுங்க."

"பொண்ணு எப்படி இருக்கு?"

"தேவலாங்க, மூச்சுத் திணறல் நின்னுடுச்சு. பன்னி சமாச்சாரத்தச் சொல்லுங்க."

ஷாலினி அறிக்கையை வாங்கிப் பார்த்தாள். இன்ஃப்ளுயன்ஸா ஏ, எச்1என்1. பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். ஃப்ளூ வைரஸில் ஏ, பி என்று வகைகள் உண்டு. ஏ வகையை, அதன் மேற்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எச், என் என்ற இரண்டு புரதங்களை வைத்துப் பிரிக்கிறார்கள். பன்றி, பறவை, மனிதர் வைரஸ்களின் மரபணுத் துண்டுகள் கலந்து உருவான இந்த ரகம் 2009இல் பரவியது. அதனால் அந்தப் பெயர்.

"இப்ப இது மனுஷங்க ஃப்ளூதாங்க. இருமுறவங்ககிட்டருந்து பக்கத்துல இருக்கவங்களுக்கு ஒட்டுது. கவியாவுக்கு காலேஜ்ல வந்திருக்கும்."

"பேர்லயே பன்னி இருக்குதுங்களே?"

"அந்தப் பேரு தப்புங்க."

"அப்ப அது என்னாங்க?" தமிழ்மாறன் அவள் தலைக்குப் பின்னால் கை காட்டினார். பன்றிக் காய்ச்சல் விழிப்புணர்வு போஸ்டர். யாரோ சிரித்தார்கள். ஷாலினிக்கு முகம் சுட்டது. எழுதித் தர முடியாது என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் அம்சவள்ளியின் வீட்டுக்குப் போனாள். பன்றிப் பட்டி காலியாகக் கிடந்தது. விடிவதற்குள் வேனில் ஏற்றிவிட்டார்களாம். அம்சவள்ளி போர்வைக்குள் சுருண்டிருந்தாள், உடம்பு கொதித்தது.

"எனக்கும் வந்துடுச்சு, பாருங்க. என் பன்னிதான் அந்தப் புள்ளையப் படுக்க வச்சிருக்கு."

ஷாலினி அவள் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து அனுப்பினாள். முடிவு இன்ஃப்ளுயன்ஸா பி என்று வந்தது. கவியாவைப் படுத்திய வைரஸே இல்லை. பெரும்பாலும் மனிதர்களுக்குள்ளேயே சுற்றும் வகை. அறிக்கையோடு நேராகத் தமிழ்மாறன் வீட்டுக்குப் போனாள்.

"பி-யா?" என்றார் அவர். "அப்ப பன்னிகிட்ட இன்னொரு ரகமும் இருந்திருக்கு. நல்லவேள, வண்டி ஏத்துனோம்."

"எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு இருமல்னு அன்னைக்கே சொன்னேன்லப்பா," என்றாள் கவியா உள்ளேயிருந்து.

"நீ பேசாம படு."

ஷாலினி வண்டியை அம்சவள்ளி வீட்டுக்குத் திருப்பினாள். அம்சவள்ளிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. மீன்சுருட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போகத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஷாலினி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

"வேன் வர்றதுக்கு முன்னாடியே இத சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்."

"யார்கிட்ட?"

கூட்டம் வந்த அன்று மத்தியானமே இங்கே ஒரு நடை வந்திருக்கலாம், ஷாலினிக்குத் தோன்றவில்லை.

"கோவமா கேக்கலம்மா," என்றபடி அம்சவள்ளி அடுத்த சேலையை எடுத்தாள்.